மெர்சிங்குக்குப் போகும் பால்

உலு திராம்
9 ஜூன்

அன்பு மகன் ரவீந்திரனுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே மூவரும் நலம். லோஷினிக்கு நான்கு மாதம் முடிந்துவிட்டது. குப்புற விழுந்துவிட்டு, திரும்பிப் படுக்கத் தெரியாமல் ஊரையே கூப்பிடுகிறாள். சமையலறைக் கூரை ஒழுகியதை ஆள் வந்து அடைத்துவிட்டுப் போனான். காருக்கு இந்த வருட ரோட்டெக்ஸ் வரி கட்டியாயிற்று. டோஹாவில் வெயில் கடுமை என்று செய்தியில் பார்த்தேன். தண்ணீர் குடிக்கிறாய்தானே?

நேற்றுத்தானே போனில் பேசினோம், இதென்ன கடிதம் என்று நினைப்பாய். சில விஷயங்களைப் போனில் பேச எனக்கு நாக்கு கூசுகிறது. எழுதிப் படம்பிடித்து வாட்சாப்பில் அனுப்பலாம் என்றால், எப்படி அனுப்புவது என்று மருமகளிடம்தான் கேட்க வேண்டும். விஷயமே மருமகளைப் பற்றியது. ஆகவே தபால்.

புதன்கிழமை மீன் எடுக்க ஃப்ரீசரைத் திறந்தேன். மீனைக் காணவில்லை. மேல்தட்டு முழுக்கத் தட்டையான சின்னச் சின்னப் பைகள். ஒவ்வொன்றிலும் தேதி, நேரம், அளவு எழுதி ஒட்டியிருந்தது. ஏதோ சூப் காய்ச்சி வைத்திருக்கிறாள் என்று நினைத்துக் கேட்டேன். "அது என் பால் மாமா" என்றாள் மீனலோசனி, கடையில் தயிர் வாங்கி வைத்தவள் மாதிரி. நான் ஃப்ரீசரை மூடிவிட்டு முற்றத்துக்குப் போய்விட்டேன். அன்றைக்கு மீன் குழம்பு இல்லை.

பிறகு அவளே வந்து விவரம் சொன்னாள். லோஷினி வயிறாரக் குடித்த பின்னும் பால் மிஞ்சுகிறதாம். இத்தனை நாள் கழுவுதொட்டியில் ஊற்றிக்கொண்டிருந்தாளாம். மெர்சிங்கில் ஒரு மலாய்க்காரப் பெண்ணுக்கு உடம்புக்கு முடியாமல் பால் வற்றிப்போய், குழந்தைக்கு டின்னில் வரும் மாப்பாலும் ஒத்துக்கொள்ளாமல் இருக்கிறதாம். கிளினிக் தாதி ஒருத்தி மூலம் தொடர்பு கிடைத்து, ஒரு மாதமாக அங்கே அனுப்புகிறாள். சும்மா இல்லை, காசுக்கு.

தம்பி, என் அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து ரயில்வே உத்தியோகத்துக்கு இந்த மலாய் நாட்டுக்கு வந்தவர். நானும் உத்தியோகம், நீயும் உத்தியோகம். நம் வீட்டிலிருந்து யாரும் எதையும் விற்றதில்லை. இதைப் போய் விற்பதா? நம் யாழ்ப்பாணத்தார் சங்கத்தில் யார் காதிலாவது விழுந்தால் எந்த முகத்தோடு நான் பொங்கல் விருந்துக்குப் போவேன்? உன் அம்மா இருந்திருந்தால் அவளிடம் சொல்லும் விதமாகச் சொல்லியிருப்பாள். மாமனார் நான் இதைப் பேச முடியுமா?

ஒன்றை மட்டும் நியாயமாகச் சொல்லிவிடுகிறேன். அந்தப் பைகளை அடுக்கியிருந்த ஒழுங்கு! பழையது முன்னால், புதியது பின்னால், பக்கத்தில் ஒரு வெப்பமானி. முப்பத்தொரு வருடம் மூவாரில் சாப்பாட்டுக் கடைகளைப் பரிசோதித்த சுகாதாரப் பரிசோதகன் நான். எந்தக் கடையிலும் இப்படி ஒரு ஃப்ரீசரைப் பார்த்ததில்லை. ஆனால் ஒழுங்கு வேறு, குடும்ப மானம் வேறு. நீ அவளிடம் பக்குவமாகப் பேசு. நான் எழுதியதாகச் சொல்லாதே.

முருகன் உன்னைப் பார்த்துக்கொள்ளட்டும்.

அப்பா,
கதிரேசு


உலு திராம்
14 ஜூலை

அன்புள்ள ரவீந்திரன்,

பக்குவமாகப் பேசச் சொன்னேன். நீ பேசவில்லை. என்ன சொன்னாய் என்று மீனா என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் இரண்டு வாரமாக நீ எனக்குத்தான் போன் செய்கிறாய். குழந்தையைக் காட்டச் சொல்கிறாய், பார்த்துச் சிரிக்கிறாய். போனை மீனாவிடம் கொடுக்கட்டுமா என்றால் உடனே டியூட்டிக்கு நேரமாகிவிடுகிறது. நாலு அடி தள்ளி நின்று துணி மடித்துக்கொண்டிருப்பவளுக்கு இதெல்லாம் கேட்காதா?

தீயை மூட்டியவன் நான். என் கடிதம் இல்லாவிட்டால் உனக்குத் தெரிந்தே இருக்காது. அதனால் இப்போது எழுதப்போவதைப் பொறுமையாகப் படி.

முதலில் அவள் ஏன் செய்கிறாள் என்று நானும் கேட்கவில்லை, நீயும் கேட்டிருக்க மாட்டாய். நவம்பரில் அவள் சிங்கப்பூர் லேபுக்குத் திரும்ப வேண்டும். விடியுமுன் எழுந்து பாலம் தாண்டி, இருட்டிய பிறகு வீடு வந்து சேரும் வேலை. லோஷினி விழித்திருக்கும் நேரத்தில் அவள் வீட்டில் இருக்கவே மாட்டாள். இந்த வருமானத்தை ஒதுக்கி வைத்து, சம்பளமில்லா விடுப்பை மார்ச் வரை நீட்டிக் கேட்டிருக்கிறாள். குழந்தை நடக்கும் வரையிலாவது பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதுதான் அவள் ஆசை. உன்னிடம் கேட்டால் நீ அனுப்ப மாட்டாயா என்றேன். "அவர் அங்க வெயில்ல நின்னு சம்பாதிக்கிறாரு மாமா. இது என்னால முடியுது, நான் செய்றேன்" என்றாள்.

இரண்டாவது. போன மாதக் கடைசியில் அவளுக்குக் காய்ச்சல், பல்வலி. டாக்டர் மருந்து கொடுத்தார். லோஷினி குடிக்கலாம் என்றாராம், ஆனால் குறைமாதத்தில் பிறந்த அடுத்தவர் குழந்தைக்கு வேண்டாம் என்றாராம். மருந்து சாப்பிட்ட நாட்களில் எடுத்த பதினோரு பைகளையும் மீனா கழுவுதொட்டியில் கொட்டினாள். யாருக்கும் தெரிந்திருக்காது ரவி. பையைப் பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது. நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். என் வேலைக்காலத்தில் எத்தனையோ கடைகளில் கெட்ட சரக்கைக் கொட்ட வைத்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் சண்டை, கெஞ்சல், ஒருமுறை கரண்டி கூடப் பறந்து வந்தது. யாரும் சொல்லாமல் தன் சரக்கைத் தானே கொட்டிய ஓர் ஆளை நான் இப்போதுதான் பார்க்கிறேன். அந்த ஆள் என் வீட்டிலேயே இருக்கிறாள்.

மூன்றாவது, மெர்சிங்.

பால் எப்படி அங்கே போகிறது தெரியுமா? மெர்சிங்கிலிருந்து காலையில் ஐஸ் போட்டு மீன் ஏற்றிக்கொண்டு வருகிற லாரி, மீனை இறக்கிவிட்டு வெறுமனே திரும்புகிறது. அந்த லாரியை ஓட்டுகிற சுகுமாறனைப் பிடித்து, திரும்பிப் போகையில் தன் நீலப் பெட்டியை முன்சீட்டில் வைத்துக் கொண்டுபோகச் செய்திருக்கிறாள் மீனா. வாரம் இரண்டு தடவை. வழியில் தேநீருக்குக்கூட நிறுத்துவதில்லையாம் அவன். கெட்டிக்காரத்தனம் இல்லையா இது? எனக்குத் தோன்றியிருக்காது.

போன சனிக்கிழமை சுகுமாறனின் லாரி பழுதாகி நின்றுவிட்டது. மெர்சிங்கில் இரண்டே பைதான் மிச்சம். மீனா பெட்டியைக் கட்டி, லோஷினியையும் காரில் ஏற்றித் தானே ஓட்டப் புறப்பட்டுவிட்டாள். குழந்தைக்குச் சளி வேறு. நான் சாவியை வாங்கிக்கொண்டேன். "அவர் நிப்பாட்டச் சொல்லிட்டாரு மாமா, உங்களுக்கு ஏன் சங்கடம்" என்றாள். அப்போதுதான் நீ என்ன சொன்னாய் என்று எனக்குத் தெரிந்தது. நிறுத்தப்போகிறாயா என்று கேட்டேன். "நான் நிப்பாட்டினா அந்தப் பிள்ளை என்னத்தக் குடிக்கும்?" என்றாள். காரை எடுத்தேன்.

கோத்தா திங்கி தாண்டியதும் மழை. இரண்டு இடத்தில் நிறுத்திப் பெட்டியின் வெப்பமானியைப் பார்த்தேன். பழைய வேலைக்குத் திரும்பிய மாதிரி இருந்தது, உண்மையைச் சொன்னால் சந்தோஷமாகவும் இருந்தது.

படகுத்துறைக்குப் பக்கத்தில் வீடு. அந்தப் பெண்ணின் பெயர் ரொஸ்னானி. தலையில் துணி சுற்றியிருந்தாள், புருவ முடிகூட உதிர்ந்து மிகவும் மெலிந்திருந்தாள். என்ன நோய் என்று நான் கேட்கவில்லை, பார்த்தாலே தெரிந்தது. கணவன் ஸாம்ரி தீவுகளுக்குப் படகு ஓட்டுகிறான். பையனுக்கு இர்ஃபான் என்று பெயர். ஐந்து மாதம் என்கிறார்கள், லோஷினிக்குப் பாதிகூட இல்லை. வெந்நீரில் பையை இளக்கிப் புட்டியில் ஊற்றினாள். அவன் குடித்த வேகத்தைப் பார்க்க வேண்டுமே! குடித்து முடித்து, தாடையில் வழிந்ததோடு, யாரிவன் என்று என்னைப் பார்த்தான். நான் அழுதேன் என்று சொல்ல மாட்டேன்.

பாலுக்குக் கணக்குப் பார்த்துக் காசு கொடுத்தார்கள். நான் வாங்கத் தயங்கியதைப் பார்த்த ஸாம்ரி, "வாங்கிக்கோங்க பாக்சிக்" என்று மாமா முறை வைத்துச் சொல்லி, பால் கொடுப்பவளுக்குக் கூலி கொடுப்பது தங்கள் வழக்கத்தில் எந்தக் காலத்திலும் உண்டு, கொடுப்பவருக்கும் வாங்குபவருக்கும் அதில் குறைவில்லை என்றான். புறப்படும்போது, பால் கொடுக்கும் அம்மாவின் பெயரைக் கேட்டு ஒரு நோட்டில் எழுதிக்கொண்டான். அவர்களுக்கு இவளை லோஷினியின் அம்மா என்றுதான் தெரியும். சொன்னேன். மற்ற விவரமெல்லாம் பிறகு கேட்பதாகச் சொல்லிவிட்டுப் படகுக்கு ஓடினான்.

வரும் வழியில் சந்தையில் பால்சுறா வாங்கி வந்தேன். உன் அம்மா உன்னைப் பெற்றபோது, பால் ஊறும் என்று நான் தேடித் தேடி வாங்கியது. உதிர்த்துத் தேங்காய்ப்பூப் போட்டு வறை செய்து கொடுத்தேன், மீனா இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டாள்.

ஆகவே முதல் கடிதத்தில் எழுதியதை நான் திரும்பப் பெறுகிறேன். நீயும் திரும்பப் பெற வேண்டியது ஒன்று இருக்கிறது. அவளுக்குப் போன் செய்.

அப்பா,
கதிரேசு


உலு திராம்
4 ஆகஸ்ட்

அன்பு மகனுக்கு,

இன்னும் நீ அவளுக்குப் போன் செய்யவில்லை. என் கடிதம் கிடைத்தது என்று மட்டும் எனக்கு இரண்டு வரி அனுப்பினாய். "யோசிக்கிறேன் அப்பா" என்று. யோசி. ஆனால் அதற்குள் ஒரு விஷயம் நடந்துவிட்டது. அதில் நீயும் இருக்கிறாய்.

போன கடிதத்தில் ஸாம்ரி பெயர் கேட்டான், சொன்னேன் என்று எழுதினேன் அல்லவா? எந்தப் பெயரைச் சொன்னேன் என்று எழுதவில்லை. வேண்டுமென்றேதான் எழுதவில்லை.

என்னோடு மூவாரில் வேலை பார்த்த கமலநாதன் இப்போது மெர்சிங்கில்தான் இருக்கிறான். அவன் காதில் விழுந்தால் மறுநாள் சங்கம் முழுக்கப் பரவிவிடும். பேனாவைப் பிடித்துக்கொண்டு ஸாம்ரி கேட்டதும் என் வாயில் மீனலோசனி வரவில்லை. அன்னலட்சுமி என்று சொல்லிவிட்டேன். உன் அம்மாவின் பெயர். செத்து ஒன்பது வருடம் ஆனவளை யார் என்ன சொல்லிவிட முடியும்? அந்த நேரத்தில் என் புத்தி அப்படி ஓடியது.

பொட்டலத்தில் பொய்ப் பெயர் ஒட்டியவர்களுக்கு முப்பத்தொரு வருடம் அபராதம் எழுதியவன் நான். பதினோரு பையைக் கொட்டினாள் என்று உனக்குப் பக்கம் பக்கமாக மெச்சி எழுதினேனே, அவளுடைய பாலுக்கு வேறொருத்தி பெயரைக் கொடுத்துவிட்டு வந்துதான் அதை எழுதினேன்.

பத்து நாள் கழித்து ரொஸ்னானி மீனாவுக்குப் போன் செய்து, மிச்ச விவரம் கேட்பதற்காக, "புவான் அன்னலட்சுமிதானே?" என்றிருக்கிறாள். மீனா போனை வைத்துவிட்டு என்னிடம் வந்தாள். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நானும் பதிலுக்குப் போட்டிருப்பேன். "அத்தை பேரை ஏன் மாமா சொன்னீங்க? என் பேர்ல என்ன தப்பு?" என்று கேட்டாள். அவ்வளவுதான். பிறகு போய் லோஷினிக்கு உடுப்பு மாற்றினாள். நீ நிறுத்தச் சொன்னபோதுகூட அழாதவள், அன்றைக்கு உடுப்பு மாற்றிக்கொண்டே அழுதாள். எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த நோட்டு எதற்கு என்பதையும் அன்றைக்கு அவள் வாயிலிருந்துதான் தெரிந்துகொண்டேன்.

அவர்கள் வழக்கத்தில், ஒரு பெண்ணின் பாலை ஐந்து வேளை வயிறாரக் குடித்துவிட்டால் அவள் அந்தப் பிள்ளைக்கு இபு சுசுவான், பால் கொடுத்த தாய். அவள் பெற்ற பிள்ளைகள் அவனுக்கு உடன்பிறந்தவர்கள். நாளைக்கு வளர்ந்து எங்கேயாவது சந்தித்தாலும் கல்யாணம் கூடாது. அதனால்தான் பெயர் எழுதி, வீட்டுப் பத்திரங்களோடு வைக்கிறார்கள். பையன் பெரியவனானதும் சொல்லிக் கொடுக்க வேண்டுமாம். நான் அந்த நோட்டில் அவனுக்கு இறந்துபோன ஒரு தாயை எழுதிவிட்டு வந்திருக்கிறேன். நாம் சங்கத்துக்குத் தெரிந்துவிடுமே என்று ஒளித்த பெயரை, அவர்கள் பேரன் பேத்தி காலம் வரைக்கும் வைத்திருக்கக் கேட்டிருக்கிறார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை நான், மீனா, லோஷினி மூவரும் மெர்சிங் போனோம். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள் மீனா. ஸாம்ரியிடம் நானே சொன்னேன், பெயரைத் தப்பாகச் சொன்னேன், மருமகள் பால் விற்பது வெளியே தெரியக் கூடாது என்று வெட்கப்பட்டுச் சொன்னேன் என்று. என் மலாய் நல்ல மலாய், ஆனால் அன்றைக்குத் தடுமாறியது. அவன் கோபப்படவில்லை. நோட்டையும் பேனாவையும் என்னிடமே தள்ளி, "பாக்சிக்கே எழுதுங்க" என்றான்.

உன் அம்மாவின் பெயரை ஒரு கோடு போட்டு அடித்தேன். அவளும் ஒன்றும் நினைத்திருக்க மாட்டாள். மீனலோசனி என்று எழுதினேன். மலாய் எழுத்தில் எழுதிவிட்டு, அவர்கள் அனுமதியோடு பக்கத்தில் தமிழிலும் எழுதினேன். அடுத்த வரியில் லோஷினி. நான் அதை எழுதும்போது அவளோ இர்ஃபானின் காலைப் பிடித்து வாயில் வைக்கப் பார்த்தாள். ரொஸ்னானி சிரித்துவிட்டாள். சிகிச்சை முடிய இன்னும் மூன்று மாதம் இருக்கிறது அவளுக்கு. சிரித்துப் பார்த்தபோதுதான் அவளுக்கு வயது முப்பதுகூட இருக்காது என்று தெரிந்தது.

மூன்றாவது வரி ஒன்று இருந்தது. ஸாம்ரி விரலை வைத்துக் காட்டினான். பால் கொடுத்தவளின் கணவன் அந்தப் பிள்ளைக்குப் பால்வழித் தகப்பனாம். அவர் பெயர் என்ன என்று கேட்டான்.

பேனா என் கையில்தான் இருந்தது. நான் எழுதவில்லை. ஒருமுறை அவளைக் கேட்காமல் பெயர் கொடுத்தது போதும் என்று மீனாவைப் பார்த்தேன். ஐந்து வாரமாக அவளோடு பேசாதவனின் பெயர். வேண்டாம், அந்த வரியை விட்டுவிடுங்கள் என்று அவள் சொல்லியிருந்தால் நான் குறை சொல்லியிருக்க மாட்டேன். அவள் லோஷினியை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றினாள். பிறகு, "ரவீந்திரன், கதிரேசு மகன்" என்றாள். நான் எழுதத் தொடங்கியதும் எட்டிப் பார்த்து, ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னாள். தப்பு வந்துவிடக் கூடாதாம்.

ரவி, என் மருமகளைப் போல் ஒருத்தியை நான் என் ஆயுளில் பார்த்ததில்லை. இதை நான் அவளிடம் சொல்லிவிட்டேன். சங்கத்திலும் சொல்வேன், கமலநாதனிடம் நானே போன் செய்து சொல்லிவிட்டேன். அவன் கொஞ்சம் இருமினான், பிறகு தன் பேத்திக்கும் மாப்பால் ஒத்துக்கொள்ளவில்லை, ஏதாவது வழி உண்டா என்று கேட்டான். மீனா யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறாள்.

சுகுமாறனின் லாரி திரும்பவும் ஓடுகிறது. ஸாம்ரி வாரம் ஒருமுறை பால்சுறா கொடுத்து அனுப்புகிறான். மீனுக்கு வேறு பெட்டி, பாலுக்கு வேறு பெட்டி என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்.

இந்தக் கடிதத்துக்கு எனக்குப் பதில் வேண்டாம். சாயங்காலம் ஐந்து மணிக்கு லோஷினி தூங்குவாள், மீனாவின் கை அப்போதுதான் சும்மா இருக்கும். உனக்கு அங்கே அது மதியச் சாப்பாட்டு நேரம். தினமும் அந்த நேரத்தில் அவள் போனைத் தன் பக்கத்தில் எடுத்து வைத்துக்கொள்கிறாள். நான் பார்க்காத மாதிரி முற்றத்துக்குப் போய்விடுகிறேன்.

உன் பெயர் மெர்சிங்கில் ஒரு வீட்டில், என் கையெழுத்தில், அவள் சொல்லச் சொல்ல எழுதப்பட்டு இருக்கிறது. அதற்குத் தக்கவனாக இரு. உங்கள் பிள்ளைகள் நன்றாக வளரட்டும்.

உனக்கும் மீனாவுக்கும் அப்பா,
கதிரேசு